ஊத் பூசினால் ஆளுமை வருமா? மர வாசனையும் மனிதனின் குணமும்

"நானா, எனக்கு சூட் ஆகிற மாதிரி ஒரு சென்ட் தாங்க."

"ஆம்பிளைக்கு ஊத் தான் தம்பி. போட்டா ஒரு பெர்சனாலிட்டி வரும்."

பெருநாள் நெருங்கும்போது அக்குறணையிலிருந்து அலவத்துகொட வரை கண்டி – மாத்தளை வீதியில் கடை கடையாக ஏறி இறங்கும் எவருக்கும் இந்த உரையாடல் புதிதல்ல. இளைஞர் கேட்பதில் தவறில்லை. நறுமணம் பூசுவது சுன்னத். தனக்குப் பொருந்துவது எது என்று தேடுவதும் இயல்பு. ஆனால் கடைக்காரர் சொல்லும் பதிலைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு போத்தலுக்குள் இருக்கும் மரத்தின் வாசனை ஒரு மனிதனுக்குக் குணத்தைக் கொடுக்குமா? அமைதியானவர் சந்தனம், தலைமைத்துவம் உள்ளவர் ஊத், சுறுசுறுப்பானவர் சீடர் என்று விளம்பரங்கள் போடும் கணக்கு எந்த அளவுக்கு உண்மை? அதைவிட முக்கியமாக, அந்த மரம் எங்கிருந்து வந்தது?

எமது பகுதி மக்களுக்கு இந்தக் கேள்விகள் அந்நியமானவை அல்ல. மிளகு, கராம்பு, சாதிக்காய், கறுவா என்று பல தலைமுறைகளாக வாங்கி விற்ற ஊர்கள் இவை. தமிழில் நாம் சமையல் சரக்குக்கும் உடம்பில் பூசும் சென்ட்டுக்கும் 'வாசனைத் திரவியம்' என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். மிளகு மூட்டையைக் கண்ணால் பார்த்தவுடனேயே தரம் சொல்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். ஒரு பிடி மிளகைத் தண்ணீரில் போட்டால் சத்துள்ளது தாழும், பொக்கு மிதக்கும் என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதே நாம் ஊத் வாங்கும்போது மட்டும் போத்தலின் பொன்னிற மூடியையும் அதில் எழுதியுள்ள அரபு எழுத்தையும் பார்த்து ஏமாந்துவிடுகிறோம்.

மர வாசனை என்றால் என்ன?

வாசனைத் துறையில் 'வுடி' என்று அழைக்கப்படும் குடும்பத்தில் முக்கியமாக ஐந்து பொருட்கள் உள்ளன. சந்தனம், சீடர், வெட்டிவேர், பச்சோலி, ஊத் என்பன அவை. இவற்றில் எல்லாமே மரமும் அல்ல. வெட்டிவேர் ஒரு புல்லின் வேர். சிங்களத்தில் 'சவந்தரா' என்று அழைக்கப்படும் அதே செடிதான். பச்சோலி ஒரு செடியின் இலை. காய்ந்த மரம், மண், வேர் ஆகியவற்றை நினைவூட்டுவதால் இவையும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்துகொண்டன.

இந்த வாசனைகள் நீண்ட நேரம் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. எலுமிச்சை, தோடம்பழத் தோலில் உள்ள லிமோனீன் என்ற பொருளின் மூலக்கூற்று எடை சுமார் 136. சந்தனத்தின் மணத்துக்குக் காரணமான சந்தலோல் என்ற பொருளின் எடை சுமார் 220. இலேசானது விரைவாக ஆவியாகிப் பறந்துவிடும். கனமானது தோலோடும் துணியோடும் ஒட்டிக்கொண்டு மெதுவாக வெளியேறும். அதனால்தான் எலுமிச்சை வாசனை அரை மணி நேரத்தில் மங்கும்போது, சுபஹுக்குப் பூசிய சந்தனம் லுஹர் வரை இருக்கிறது. சென்ட் தயாரிப்பவர்கள் இலேசானவற்றை மேல் வாசனையாகவும், பூக்கள் போன்றவற்றை நடு வாசனையாகவும், மரங்களை அடி வாசனையாகவும் வைப்பது இந்த ஒழுங்கின்படிதான்.

கடையில் கடதாசித் துண்டில் தெளித்து முகர்ந்து பார்த்து உடனே பணம் கொடுப்பவர் செய்யும் பிழையும் இதில்தான் இருக்கிறது. அவர் முகர்ந்தது மேல் வாசனையை. வீட்டுக்குப் போய் நாள் முழுவதும் அவரோடு இருக்கப்போவது அடி வாசனை. ஒரு துளியைக் கையில் பூசிக்கொண்டு வெளியே வந்து, ஒரு தொழுகை நேரம் கழித்து மீண்டும் முகர்ந்து பார்த்த பின் வாங்குவதே சரி.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று சந்தையிலுள்ள மர வாசனைகளில் பெரும்பாலானவை மரத்திலிருந்து வருவதில்லை. 1970களில் அமெரிக்க வாசனை நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்ட 'ஐஸோ ஈ சூப்பர்' என்ற செயற்கைப் பொருள் இன்று எத்தனையோ ஆண்களுக்கான சென்ட்களின் முதுகெலும்பாக இருக்கிறது. 2006 இல் வெளிவந்த புகழ்பெற்ற 'தேர் த ஹெர்மெஸ்' என்ற பிரெஞ்சுத் தயாரிப்பிலும் அது பெருமளவு சேர்க்கப்பட்டுள்ளது. மேற்கத்திய சந்தையில் ஊத் என்ற பெயரைப் பரவலாக்கியவற்றில் 2002 இல் வந்த 'எம் 7', 2007 இல் வந்த 'ஊத் வுட்' ஆகியவை குறிப்பிடத்தக்கவை. அவற்றைத் தொடர்ந்து ஊத் என்ற பெயரோடு நூற்றுக்கணக்கான சென்ட்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது ஊத்தைப் போல மணக்கும்படி ஆய்வுகூடத்தில் சேர்த்த கலவைதான்.

செயற்கை என்பதால் அது ஹராமும் அல்ல, தரக்குறைவும் அல்ல. சொல்லப்போனால் அதனால் பல மரங்கள் தப்பியிருக்கின்றன. கலவையை 'அசல்' என்று சொல்லி விற்பதுதான் பிரச்சினை.

வாசனைக்கும் குணத்துக்கும் என்ன தொடர்பு?

விளம்பரம் சொல்வது போல ஒரு வாசனை ஒருவருக்குக் குணத்தைக் கொடுப்பதில்லை. ஆனால் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. இது பற்றி நடந்த இரண்டு ஆய்வுகள் கவனிக்கத்தக்கவை.

2009 இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஓர் ஆய்வில், இளைஞர்களில் ஒரு சாராருக்கு வாசனையுள்ள உடல் ஸ்பிரேயும் மறு சாராருக்கு வாசனையற்ற ஸ்பிரேயும் கொடுக்கப்பட்டன. பின்னர் அவர்கள் பேசும் காணொளிகள், ஒலி இல்லாமல், வேறு ஆட்களுக்குக் காட்டப்பட்டன. பார்த்தவர்களுக்கு எந்த வாசனையும் தெரிய வாய்ப்பில்லை. ஆனாலும் வாசனை பூசியவர்களே அவர்களுடைய மதிப்பீட்டில் முன்னுக்கு வந்தார்கள். வெறும் புகைப்படத்தைக் காட்டியபோது அந்த வித்தியாசம் இருக்கவில்லை. வாசனை முகத்தை மாற்றவில்லை. பூசியவரின் தன்னம்பிக்கையை மாற்றியது, அது அவருடைய அசைவில் தெரிந்தது என்பதே இதன் பொருள்.

மற்றையது 2012 இல் செக் நாட்டின் பிராக் நகர ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஒருவர் தானாகத் தெரிவு செய்து பாவிக்கும் சென்ட் அவருடைய உடல் மணத்தோடு சேரும்போது, வேறு யாரோ அவருக்காக எடுத்துக் கொடுத்த சென்ட்டை விட இனிமையாக இருப்பதாக முகர்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள். போத்தலில் இருக்கும்போது இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு நல்லவை. உடம்பில் பட்ட பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 'தலைவனுக்கு ஊத்' என்ற கணக்குக்கு இடமில்லை. நண்பன் பூசினான், நடிகர் பூசினார் என்று வாங்குவதிலும் பயனில்லை. உங்கள் தோலில் பட்டு, சில மணி நேரம் கழித்து, உங்களுக்கே மனம் நிறைவாக இருப்பதே உங்களுக்குப் பொருந்தும் வாசனை. அதன் விலையும் பெயரும் பிறகு வருபவை.

எது, எப்போது?

எனவே 'எந்தக் குணத்துக்கு எந்த மரம்' என்பதை விட, 'எந்த இடத்துக்கு எந்த மரம்' என்று கேட்பது பயனுள்ளது.

சந்தனம் மென்மையானது. பாலைப் போன்ற ஒரு கொழுமை அதில் உண்டு. தூரத்துக்கு அடிக்காது, பக்கத்தில் வந்தால்தான் தெரியும். ஆட்களோடு நெருங்கி உட்கார்ந்து வேலை செய்யும் ஆசிரியர், வைத்தியர், கணக்காளர், நேர்முகப் பரீட்சைக்குப் போகும் இளைஞர் ஆகியோருக்கு உகந்தது.

சீடர், பழைய பென்சிலைச் சீவும்போது வரும் உலர்ந்த மணம். சுத்தமானது, பிடிவாதமற்றது. காரியாலயத்துக்கும் அன்றாடப் பாவனைக்கும் போதுமானது.

வெட்டிவேர், மழை விழுந்த மண்ணையும் பச்சை வேரையும் நினைவூட்டும். வெயில் காலத்துக்கு இதைப் போல இன்னொன்று இல்லை. கொழும்புக்கு பஸ்ஸில் போய் வியர்த்து வருபவருக்கு இனிப்பான சென்ட்களை விட இது பொருந்தும்.

பச்சோலி ஈரமான, இருண்ட மணம். அளவு தவறினால் தலைவலி தரும். மாலை நேரத்துக்கு, கொஞ்சமாக.

ஊத் இவை எல்லாவற்றிலும் கனமானது. புகை, தோல், தேன், சில வகைகளில் மாட்டுத் தொழுவம் என்று பல அடுக்குகள் அதில் உண்டு. வளைகுடாவின் குளிரூட்டிய மண்டபங்களிலும் பரந்த மஜ்லிஸ்களிலும் பழகிய வாசனை அது. கண்டி மாவட்டத்தின் ஈரமான காற்றில், ஜன்னல் மூடிய வேனுக்குள், மழை நாளில் நெருக்கியடித்து நிற்கும் ஸஃப்பில் அதே அளவு ஊத் வேறு விதமாக வேலை செய்யும். நிக்காஹ் வீடு, பெருநாள் தினம், குளிரான இரவு ஆகியவை அதற்கு ஏற்ற இடங்கள்.

பக்கத்தில் தொழுபவருக்கும் உரிமை உண்டு

நபி (ஸல்) அவர்களுக்கு நறுமணம் மிக விருப்பமானதாக இருந்தது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். யாராவது நறுமணம் கொடுத்தால் மறுக்க வேண்டாம் என்று அன்னார் வழிகாட்டியுள்ளதை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். இப்னு உமர் (ரழி) அவர்கள் கலப்பில்லாத அகில் கட்டையாலும், சில வேளை அதோடு கற்பூரம் சேர்த்தும் புகை பிடித்துக்கொள்வார்கள் என்றும், நபியவர்கள் இவ்வாறே செய்தார்கள் என்று சொன்னார்கள் என்றும் அதே கிரந்தத்தில் பதிவாகியுள்ளது. ஆகவே மர வாசனை எமக்கு விளம்பரக் கம்பனிகள் அறிமுகம் செய்த ஒன்றல்ல.

ஆனால் ஜும்ஆவின் சிறப்பைச் சொல்லும் ஸல்மான் அல்பாரிஸீ (ரழி) அவர்களின் அறிவிப்பை, புஹாரியில் இடம்பெறுவதை, முழுமையாகக் கவனிக்க வேண்டும். குளிப்பது, இயன்றளவு சுத்தமாவது, எண்ணெய் பூசுவது அல்லது வீட்டிலுள்ள நறுமணத்தைப் பூசுவது ஆகியவற்றைச் சொன்ன உடனேயே, இருவருக்கு இடையில் புகுந்து பிரிக்காமல் இருப்பதையும் அது சொல்கிறது. நறுமணமும் பக்கத்திலிருப்பவருக்குத் தொந்தரவு கொடுக்காமையும் ஒரே அறிவிப்பில் அடுத்தடுத்து வருகின்றன. பச்சை வெங்காயமும் பூண்டும் சாப்பிட்டவர் பள்ளிக்கு வர வேண்டாம் என்று தடுக்கப்பட்டதன் காரணமும் பிறருக்கு ஏற்படும் சிரமம்தான். ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ள ஒருவருக்கு, பத்துத் தடவை தெளித்த ஊத்தும் பச்சைப் பூண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தொடர்ந்து ஒரே வாசனையை முகரும்போது எமது மூக்கு அதற்குப் பழகிப்போய் உணர்வதை நிறுத்திவிடுகிறது. பூசியவருக்கு இருபது நிமிடத்தில் தனது வாசனை தெரியாமல் போய்விடும். 'வாசம் போய்விட்டது' என்று நினைத்து அவர் மீண்டும் தெளிப்பார். பக்கத்தில் இருப்பவருக்கோ அது இரண்டு மடங்காகியிருக்கும். மேலும், சில செயற்கை மர வாசனைகளைச் சிலரது மூக்கு உணர்வதே இல்லை. வேறு சிலருக்கு அதே வாசனை ஊசி குத்துவது போல இருக்கும். ஆகவே தனது வாசனையின் அளவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி பூசியவருக்கு மிகக் குறைவு. வீட்டில் உம்மாவிடமோ மனைவியிடமோ 'கூடிப்போச்சா?' என்று கேட்பதே சரியான அளவுகோல். அத்தர் என்றால் மணிக்கட்டில் ஒரு தொடுதல். ஸ்பிரே என்றால் ஒன்று அல்லது இரண்டு. கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் தெரியாமல் இருந்தால் போதும்.

குணம் என்று ஒன்று வாசனையில் வெளிப்படுமானால், அது இங்கேதான் வெளிப்படுகிறது. எந்த மரத்தைப் பூசினோம் என்பதை விட, பக்கத்தில் இருப்பவரை நினைத்துப் பூசினோமா என்பது எம்மைப் பற்றி அதிகம் சொல்லும்.

மார்க்கத்தின் பெயரால் நடக்கும் ஒரு வியாபாரத் தவறையும் இங்கே சுட்டிக்காட்ட வேண்டும். 'ஊதுல் ஹிந்தி'யில் ஏழு நிவாரணங்கள் உள்ளன என்ற ஹதீஸைச் சொல்லி ஊத் அத்தரை மருந்தாக விற்பவர்கள் இருக்கிறார்கள். இமாம் புஹாரி அந்த ஹதீஸைக் கொண்டுவந்திருப்பது 'குஸ்த்' பற்றிய தலைப்பின் கீழ். குஸ்த் என்பது எமது நாட்டு மருந்துக் கடைகளில் கோஷ்டம் என்று கிடைக்கும் வேர். நாம் பூசும் ஊத் அல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

ஸ்பிரே சென்ட்களில் உள்ள அல்கஹோல் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பழச்சாறிலிருந்து எடுக்கப்படாத அல்கஹோலை வெளிப்பூச்சுக்கு அனுமதிப்போரும் உள்ளனர், பேணுதலாகத் தவிர்க்கச் சொல்வோரும் உள்ளனர். தெளிவு வேண்டுவோர் தமது பகுதி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். எண்ணெயில் செய்த அத்தரைப் பாவிப்பவருக்கு அந்தச் சந்தேகமே எழாது.

காயப்பட்ட மரத்தின் கண்ணீர்

இப்போது மரத்துக்கு வருவோம். ஊத் எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர்கள் அதை வீணாக்க மாட்டார்கள்.

அகில் மரம் ஆரோக்கியமாக இருக்கும்போது அதன் கட்டை வெள்ளையாகவும் பாரமில்லாமலும் வாசனையற்றும் இருக்கும். புழு துளைத்தோ, கிளை முறிந்தோ, வெட்டுப்பட்டோ காயம் ஏற்பட்டு, அதனுள் பூஞ்சை தொற்றும்போது, மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பிசினைச் சுரக்கிறது. பல வருடங்களாக அந்தப் பிசின் ஊறி, கட்டை கறுத்துக் கனத்துப் போகிறது. அந்தக் கறுப்புப் பகுதிதான் ஊத். மிக உயர்ந்த தரமானது தண்ணீரில் தாழும். சீன மொழியில் அதற்கு 'தாழும் நறுமணம்' என்றே பெயர். எமது மிளகுப் பரிசோதனையேதான்.

தமிழர் இலக்கியத்தில் அகில் புதிதல்ல. சிலப்பதிகாரத்திலேயே அகில் பேசப்படுகிறது. அகில் என்ற எமது பக்கத்துச் சொல்லையே போர்த்துக்கேயர் 'ஆகுயிலா' என்று உச்சரிக்க, அது அவர்களுடைய மொழியில் கழுகைக் குறிக்கும் சொல்லோடு கலந்து, ஐரோப்பாவில் 'கழுகு மரம்' ஆகி, இறுதியில் 'அக்குவிலேரியா' என்ற தாவரவியல் பெயராகவும் வந்து நின்றது.

1344 இல் பாவா ஆதம் மலையைத் தரிசிக்க இலங்கை வந்த இப்னு பதூதா, கரையோரத்தில் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததைப் பற்றி எழுதியுள்ளார். அத்தோடு இந்தத் தீவில் ஒரு வகை அகில் இருப்பதாகவும், ஆனால் அது அன்று பெயர்பெற்ற கமாரி, காகுலி வகைகளைப் போன்றதல்ல என்றும் குறிப்பிடுகிறார். அவர் பார்த்தது எந்த மரம் என்பது ஒரு புறமிருக்க, இலங்கையின் ஈர வலயத்தில் அகிலின் நெருங்கிய உறவு மரமொன்று இன்றும் இருக்கிறது. அதுதான் 'வல்லப்பட்டை'. தாவரவியலில் 'கிரினோப்ஸ் வல்லா'. அதன் பட்டையை உரித்துக் கயிறாகக் கட்டுவது கிராமத்து வழக்கம். வேறு பெரிய மதிப்பு எதுவும் இல்லாமல் இறப்பர்த் தோட்டங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் சிங்கராஜ போன்ற காடுகளிலும் அது பேசாமல் நின்றது.

2012 இல் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மரத்திலும் ஊத் போன்ற பிசின் உருவாகிறது என்பதை ஆய்வின் மூலம் வெளியிட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்திலிருந்துதான் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணப் பொதிகளுக்குள் வல்லப்பட்டை சிக்கிய செய்திகளை நாம் தொடர்ந்து வாசிக்கத் தொடங்கினோம். பெரும்பாலும் வளைகுடாவுக்கும் இந்தியாவுக்கும் போகவிருந்தவை. கைதானவர்களின் பட்டியலில் எமது சமூகத்தினர் இடம்பெறும்போது நாம் அதைக் கடந்துபோய்விடுகிறோம். கடந்துபோகக் கூடாது.

ஏனென்றால் இது வெறும் சுங்கக் குற்றம் மட்டுமல்ல. எந்த மரத்தின் உள்ளே பிசின் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து இலகுவில் சொல்ல முடியாது. ஒரு மரத்தில் இருக்கலாம் என்ற ஆசையில் பல மரங்களை வெட்டிச் சாய்த்துப் பார்க்கிறார்கள். வெறுமையாக இருந்தவை அப்படியே கிடந்து உக்கிப்போகின்றன. தென்கிழக்கு ஆசியாவின் காட்டு அகில் அழிந்தது இந்த முறையில்தான். அதனால்தான் சைட்டிஸ் எனப்படும் சர்வதேச உடன்படிக்கை 1995 இல் ஓர் அகில் இனத்தையும், 2005 முதல் அக்குவிலேரியா, கிரினோப்ஸ் ஆகிய இரண்டு பேரினங்களின் எல்லா இனங்களையும் தனது இரண்டாவது அட்டவணையில் சேர்த்துக் கட்டுப்படுத்தியது. எமது வல்லப்பட்டையும் அதில் அடங்கும். இலங்கையும் அந்த உடன்படிக்கையில் ஓர் உறுப்பு நாடு. உள்நாட்டுச் சட்டமும் அனுமதியின்றி இம்மரத்தை வெட்டி வெளியே கொண்டுபோவதைத் தண்டனைக்குரியதாக்கியுள்ளது.

சந்தனத்தின் கதையும் வேறல்ல. வயிரம் முற்றுவதற்கே பதினைந்து, இருபது வருடங்களுக்கு மேல் எடுக்கும் மரம் அது. இன்று உலகளவில் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. மைசூரில் 1792 இல் திப்பு சுல்தான் சந்தனத்தை ஆட்சிக்கு மட்டும் உரிய மரமாக அறிவித்தார். பின்னர் வந்தவர்களும் அதையே தொடர்ந்தார்கள். தனது நிலத்தில் முளைத்தாலும் தனக்குச் சொந்தமில்லை என்ற நிலையில் மக்கள் அதை நட்டு வளர்க்கவில்லை. திருட்டு மட்டும் வளர்ந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டம் தளர்த்தப்பட்ட பிறகே தென்னிந்தியாவில் விவசாயிகள் சந்தனத்தை நடத் தொடங்கினார்கள்.

எனவே தீர்வு ஊத்தை விட்டுவிடுவதல்ல. இன்று இலங்கை உட்படப் பல நாடுகளில் அகில் மரங்கள் தோட்டங்களாக நடப்பட்டு, செயற்கையாகக் காயமும் பூஞ்சையும் ஏற்படுத்தப்பட்டு, பிசின் எடுக்கப்படுகிறது. காட்டைத் தொடாமல் ஊத் கிடைக்கும் வழி அது. ஆனால் 'மரம் வாங்குங்கள், சில வருடங்களில் பல மடங்காகும்' என்று வரும் முதலீட்டு அழைப்புகளுக்கு ஆறப்போட்டே பதில் சொல்ல வேண்டும். எல்லா மரத்திலும் ஒரே அளவு பிசின் வருவதில்லை. தரத்துக்குத் தரம் விலை வானத்துக்கும் பூமிக்கும் வேறுபடும். மிளகுக் கொடிக்கே காய்க்காத வருடம் உண்டு என்பது எமக்குத் தெரியாததா?

வாங்கும்போது கேட்க வேண்டியவை

முதலாவது, 'இது அசல் எண்ணெயா, கலவையா, செயற்கையா?' என்று நேரடியாகக் கேளுங்கள். அசல் ஊத் எண்ணெய் மிகவும் விலை கூடியது. சில நூறு ரூபாய்க்கு 'அசல் கம்போடிய ஊத்' கிடைக்கிறது என்றால் அது அசலாக இருக்க வழியில்லை. உம்ராவிலிருந்து அன்பளிப்பாக வரும் சிறிய அத்தர் போத்தல்களும் பெரும்பாலும் செயற்கைதான். அன்போடு கொடுத்ததை அன்போடு பூசிக்கொள்ளலாம். அசல் என்று சொல்லி இன்னொருவருக்கு விற்காமல் இருந்தால் போதும்.

இரண்டாவது, ஊத் கட்டையோ சந்தனமோ என்றால் 'எங்கிருந்து வந்தது?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் வாங்க வேண்டாம். நாம் வாங்காவிட்டால் வெட்டுபவனுக்கும் வேலையில்லை.

மூன்றாவது, முதல் தடவையாகப் பூசும் அத்தரை முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி வைத்து ஒரு நாள் பாருங்கள். அத்தர் செறிவானது. தோல் சிவந்தால், அரித்தால் அது உங்களுக்கானது அல்ல. அசல் ஊத் எண்ணெய் கருமையானது என்பதால் வெள்ளைத் தோப்பில் கறை பிடிக்கும். ஆண்களின் நறுமணம் வாசம் தெரிந்து நிறம் மறைந்திருப்பது என்று திர்மிதியில் வரும் வழிகாட்டலை இந்த இடத்தில் நினைவில் கொள்ளலாம்.

விற்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டு, மேலே உலர்ந்ததும் உள்ளே நனைந்ததுமாக இருந்ததைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் எமது வியாபாரிகள் எல்லோரும் கேட்டதுதான். மிளகு மூட்டையில் கல் சேர்ப்பது எவ்வளவு பிழையோ, செயற்கைக் கலவையில் 'அசல் ஊத்' என்று ஒட்டுவதும் அவ்வளவு பிழை. 'இது கலவை தம்பி, ஆனால் நல்ல கலவை' என்று சொல்லி விற்றாலும் வாங்குவார்கள். அந்த வியாபாரத்தில் பரகத்தும் இருக்கும்.

அந்த இளைஞரின் கேள்விக்குத் திரும்புவோம். "தம்பி, எந்தச் சென்ட்டும் குணத்தைக் கொண்டுவந்து தராது. கையில் ஒரு துளி பூசிக்கொண்டு போய்ட்டு, அஸர் தொழுதிட்டு வாங்க. அப்பவும் உங்களுக்குப் பிடிச்சிருந்தா, பக்கத்தில தொழுதவருக்கும் தொந்தரவு இல்லாட்டி, அதுதான் உங்களுக்கு சூட் ஆகிறது" என்று சொல்லும் ஒரு நானா எமது வீதிக் கடைகளில் பெருக வேண்டும். மணமுள்ள மனிதர்களாகவும், அந்த மணத்துக்காக ஒரு காட்டை அழிக்காதவர்களாகவும் வாழ அல்லாஹ் எமக்கு அருள் புரிவானாக.